கொழும்பில "நல்ல ஸ்கூல்" தேடுற ஒரு தகப்பனுக்கு

நீங்கள் கேட்டது மேலோட்டமாப் பாத்தா வெள்ளவத்தையில வீடு எடுக்கிறதா வத்தளையில எடுக்கிறதா, எந்த ஸ்கூலுக்குப் பெயர் கூட எண்டுதான் இருக்கு. வேலை மாற்றத்தில மட்டக்களப்பில இருந்து குடும்பத்தோட வாறீங்கள், மகள் ஒன்பதாம் தரம், மகன் மூண்டாம் தரம், கந்தோரில ஆரோ "பெரிய ஸ்கூலில சேர்க்காட்டி கம்பஸை மறந்திடுங்கோ" எண்டு பயப்படுத்தி விட்டிருக்கினம். ஆனா நீங்கள் எழுதின விதத்தைப் பாக்க, உள்ளுக்க இருக்கிற கேள்வி வேற எண்டு எனக்குப் படுது. ஸ்கூலின்ர பெயர் பிள்ளையின்ர ரிசல்ட்டை உண்மையில மாத்துமா, அதுக்காக வாடகையிலயும் டொனேசனிலயும் கடன்படுறது நியாயமா, இதுதானே? நான் கொழும்பில தமிழ் மீடியத்தில ஏ.எல் (பன்ரெண்டாம், பதின்மூண்டாம் தர உயர்தரம்) பிள்ளையளுக்கு பௌதிகவியல் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆள், நடுவில கொஞ்சக்காலம் வலயக் கல்விப் பணிமனையிலயும் இருந்தனான். அந்த ரெண்டு கதிரையிலயும் இருந்து பாத்ததை வச்சுச் சொல்லுறன். விதியில இருக்கிறது எது, என்ர அனுபவத்தில வாற ஊகம் எது எண்டதைப் பிரிச்சே சொல்லுறன், ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதேங்கோ.

முதல்ல ஒண்டு. உங்கட ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரே பதில் கிடையாது. மகனுக்கு இது ஸ்கூல் கேள்வி. மகளுக்கு இது ஸ்கூல் கேள்வியே இல்லை, மாவட்டக் கேள்வி. இதை உங்கட கந்தோர் ஆக்கள் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம், ஏனெண்டா கொழும்பிலயே பிறந்து வளர்ந்தவைக்கு அது ஒரு விசயமாத் தெரியிறதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளையளை எடுக்கிறது இசட் ஸ்கோரை வச்சு, 2001 இல இருந்து அப்படித்தான். ஒவ்வொரு பாடத்திலயும் மற்றப் பிள்ளையளோட ஒப்பிட இவர் சராசரியில இருந்து எவ்வளவு மேல, எவ்வளவு கீழ நிக்கிறார் எண்டு பாத்து, மூண்டு பாடத்தையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் மாதிரி அநேகமான கற்கைநெறியளுக்கு இடங்களைப் பிரிக்கிற விதம் இது: 40 வீதம் வரைக்கும் முழு இலங்கைக்கும் பொதுவான திறமை வரிசையில போகும், 55 வீதம் வரைக்கும் 25 மாவட்டத்துக்கும் சனத்தொகை விகிதப்படி போகும், மிச்சம் 5 வீதம் வரைக்கும் கல்வியில பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக் குடுக்கிறது. மட்டக்களப்பு அந்தப் பதினாறுக்குள்ள வருது, கொழும்பு வராது. எழுபதுகளில தரப்படுத்தல் வந்ததும், 1974 இல மாவட்டக் கோட்டா வந்ததும், அதால எங்கட சனத்துக்குள்ள எவ்வளவு கோபம் வந்தது எண்டதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், அதுக்குள்ள இப்ப போக வேண்டாம். இண்டைக்கு நடைமுறையில நடக்கிறது என்னெண்டா, ஒரே இசட் ஸ்கோரை எடுத்த ரெண்டு பிள்ளையில மட்டக்களப்புப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கலாம், கொழும்புப் பிள்ளைக்குக் கிடையாமல் போகலாம். கொழும்பு மாவட்டத்தின்ர கட் ஓஃப், அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைஞ்ச ஸ்கோர், நாட்டிலயே ஆக உயர்ந்த பட்டியலில வருஷா வருஷம் நிக்கிறது.

அப்ப எந்த மாவட்டம் எண்டதை ஆர் தீர்மானிக்கிறது? நீங்கள் இருக்கிற வீடு இல்லை, உங்கட ஊரும் இல்லை. பிள்ளை ஏ.எல் எழுத முதல் கடைசி மூண்டு வருஷம் எந்த மாவட்டத்து ஸ்கூலில படிச்சதோ அதைத்தான் அடிப்படையா எடுப்பினம். இடையில மாவட்டம் மாறின பிள்ளையளுக்கு உப விதியள் இருக்கு, அதை அந்த வருஷத்துக்கான அனுமதிக் கைநூலை எடுத்து ஒரு வரியும் விடாமல் வாசிக்கோணும், பக்கத்து வீட்டு மாமா சொன்னதை நம்பக் கூடாது, நான் சொல்லுறதையும் சேர்த்துத்தான். உங்கட மகள் இப்ப ஒன்பதாம் தரத்தில மாறி வந்தா, பத்து, பதினொண்டு, பன்ரெண்டு, பதின்மூண்டு எல்லாம் கொழும்பில. சந்தேகமே இல்லை, அவ கொழும்பு மாவட்டப் பிள்ளையாத்தான் போட்டி போடுவா. மட்டக்களப்பில அம்மம்மாவோட விட்டிட்டு வந்தா மட்டக்களப்புப் பிள்ளை. ஓ.எல் (பதினோராம் தரச் சோதனை) முடிச்சுப்போட்டு யோசிப்பம் எண்டு தள்ளிப்போடாதேங்கோ, மூண்டு வருஷக் கணக்கு அதுக்கு முதலே ஓடத் தொடங்கிவிடும்.

இதைச் சொன்னதும் சிலர் உடனே "அப்ப இஞ்ச இருந்துகொண்டு அங்க பேரை மட்டும் பதிஞ்சு வைப்பம்" எண்டு வெளிக்கிடுவினம். செய்யாதேங்கோ. ஏ.எல்லுக்கு ஸ்கூல் மூலமாத் தோற்ற 80 வீத வரவு வேணும், வரவு இடாப்பில கள்ளம் பண்ண ஒரு அதிபரை உடந்தையாக்கி, பிடிபட்டா பிள்ளையின்ர அனுமதியே போயிடும். கோட்டா எண்டது அந்த ஊரில லாப் இல்லாமல், டீச்சர் இல்லாமல் படிக்கிற பிள்ளைக்கு வச்ச இடம், அதை வெள்ளவத்தை பிளாட்டில இருந்துகொண்டு எடுக்கிறது சரியெண்டு எனக்குப் படேல்ல.

மாவட்டம் எண்டு வந்ததால வத்தளையையும் இதிலயே சொல்லி முடிக்கிறன். வத்தளை, ஹெந்தளை எல்லாம் களனி கங்கைக்கு அங்கால, கம்பஹா மாவட்டம். மட்டக்குளியில இருந்து பாலத்தைத் தாண்டினா மாவட்டம் மாறிடும். ஆனா நான் மேல சொன்ன மாதிரி, வத்தளையில இருந்து வான் பிடிச்சு பம்பலப்பிட்டி ஸ்கூலுக்கு வாற பிள்ளை கொழும்புக் கணக்கிலதான் சேரும். வத்தளையில வீடு எடுத்தா கட் ஓஃப் குறையும் எண்டு ஆரும் சொன்னா அவருக்கு விதி விளங்கேல்ல. இதுக்கு மற்றப் பக்கமும் ஒண்டு இருக்கு, ஒருத்தரும் கவனிக்காதது. அவிசாவளை, ஹங்வெல்லப் பக்கத்து றப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையளும் கொழும்பு மாவட்டம்தான். றோயல் கொலிஜ் பிள்ளையோட ஒரே வரிசையில அந்தப் பிள்ளையை நிப்பாட்டி வச்சுத்தான் 55 வீதத்தைப் பிரிக்கிறது. மாவட்டம் எண்ட அளவுகோல் எவ்வளவு மொட்டை எண்டதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, இப்ப ஸ்கூலின்ர பெயருக்கு வருவம். கொழும்பில ஒரு ஸ்கூலுக்குப் பெயர் எப்படி வந்தது எண்டு பாக்க, உள்ளுக்க ஆர் வருகினம் எண்டதைப் பாத்தாக் காணும். அரசாங்க ஸ்கூலில முதலாம் தரத்துக்கு எடுக்கிற சுற்றறிக்கை இவ்வளவு காலமும் பிரிச்சு வந்தது இப்படி: கிட்ட இருக்கிற ஆக்களின்ர பிள்ளையளுக்கு 50 வீதம், பழைய மாணவரின்ர பிள்ளையளுக்கு 25, ஏற்கெனவே அங்க படிக்கிற பிள்ளையின்ர சகோதரங்களுக்கு 15, கல்வித்துறையில வேலை செய்யிற ஆக்களின்ர பிள்ளையளுக்கு 5, இடமாற்றத்தில வாற உத்தியோகத்தருக்கு 4, வெளிநாட்டில இருந்து திரும்பினவைக்கு 1. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. கொழும்பு 7 இலயோ பம்பலப்பிட்டியிலயோ காணி உறுதியோட சொந்த வீடு வச்சிருந்து, வாக்காளர் இடாப்பில வருஷக்கணக்கா பேர் இருக்கிற ஆக்கள் ஆர்? அங்கயே படிச்சு, பழைய மாணவர் சங்கத்தில சந்தாவும் கட்டிக்கொண்டிருக்கிற தகப்பன் ஆர்? அந்த வீட்டில புத்தகம் இருக்கும், இங்கிலீஷ் இருக்கும், மாசம் பத்துப் பதினைஞ்சு ரியூசன் வகுப்புக்குக் காசு இருக்கும். அதுக்கு மேல ஆறாம் தரத்தில ஸ்கொலர்ஷிப் (அஞ்சாம் தரப் புலமைப்பரிசில் சோதனை) கட் ஓஃப் வச்சு நாடு முழுக்க இருந்து நல்ல கெட்டிக்காரரைத் திருப்பியும் ஒருக்கா வடிகட்டி எடுக்கிறது. இப்படிச் சேர்த்த பிள்ளையள் எட்டு வருஷம் கழிச்சு நல்ல ரிசல்ட் எடுக்காட்டித்தான் அதிசயம். கறுத்தக்கொழும்பான் மாம்பழமாப் பாத்துப் பொறுக்கி வாங்கின கடைக்காரர் "என்ர கடையில வச்சதாலதான் பழம் இனிக்குது" எண்டு சொல்லுற மாதிரி இது.

இதை நான் பொறாமையில சொல்லேல்ல. அந்த ஸ்கூல்களில நல்லாப் படிப்பிக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா டீச்சர்மாருக்கு இடமாற்றம் உண்டு. பெயர் பெற்ற ஸ்கூலில எட்டுப் பேரை மெடிசினுக்கு அனுப்பின அதே கெமிஸ்ட்ரி டீச்சர் கொட்டாஞ்சேனைப் பக்கம் இடமாற்றமாகி வந்தா அங்க அந்த எட்டுப் பேர் வாறதில்லை. டீச்சரின்ர மூளை இடமாற்றத்தில குறைஞ்சுபோறதில்லைத்தானே. வடகொழும்பு ஸ்கூல்களில, ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கமெல்லாம், மலையகத்தில இருந்து வந்து புறக்கோட்டையில கடையில நிக்கிற, நாட்கூலிக்குப் போற, ஒரு அறை வீட்டில ஆறு பேர் இருக்கிற குடும்பத்துப் பிள்ளையள் கன பேர். சிலர் ஓ.எல் முடிஞ்ச கையோட வேலைக்குப் போகோணும், வீட்டில வேற வழி இல்லை. அந்த ஸ்கூலின்ர ரிசல்ட் குறைவெண்டு பேப்பரில பாக்கிற ஆக்கள் ஸ்கூல் கூடாது எண்டு முடிவெடுக்கினம். அப்படிப்பட்ட ஸ்கூலில சராசரியா வந்து சேர்ந்த பிள்ளையை மூண்டு சி எடுக்க வச்ச டீச்சர்மாரை எனக்குத் தெரியும், என்ர கணக்கில அது மூண்டு ஏ எடுக்கப்போற பிள்ளையை மூண்டு ஏ எடுக்க விடுறதைவிடப் பெரிய வேலை. பனர் அடிக்கிறது மட்டும் அங்க நடக்கிறேல்ல.

பனர் கதை வந்தா அதையும் சொல்லோணும். ரிசல்ட் வந்த கிழமை காலி வீதியால போனா மதில் முழுக்கப் படம். அதே பிள்ளையின்ர முகம் ஸ்கூல் மதிலிலயும் இருக்கும், மூண்டு ரியூசன் சென்ரர் போஸ்டரிலயும் இருக்கும், நாலு பேரும் "எங்கட பிள்ளை" எண்டுவினம். நீங்கள் பாக்கவேண்டியது மேல இருக்கிற எண்ணிக்கையை இல்லை, கீழ இருக்கிற எண்ணிக்கையை. இருபது பேர் ஒன்பது ஏ எடுத்ததெண்டா, எழுதினது எத்தினை பேர்? அதில ஸ்கொலர்ஷிப்பில வந்து சேர்ந்தவை எத்தினை, முதலாம் தரத்தில இருந்தே இருந்தவை எத்தினை? ஓ.எல்லுக்கு முதல் "வேற ஸ்கூல் பாருங்கோ" எண்டு நாசூக்காச் சொல்லி அனுப்பினது எத்தினை? இது நடக்கிறது, எல்லா இடத்திலயும் எண்டு சொல்லேலாது, ஆனா நடக்கிறது. ஏ.எல் எண்டா இன்னும் குறிப்பாக் கேளுங்கோ: தமிழ் மீடியம் பயோவில (உயிரியல் பிரிவு) எத்தினை பேர் இருந்து எத்தினை பேர் மூண்டும் பாஸ் பண்ணினது, கெமிஸ்ட்ரிக்கு இப்ப நிரந்தர டீச்சர் இருக்கிறாரா, இல்லாட்டி பழைய மாணவர் சங்கம் காசு குடுத்து வெளியால இருந்து ஆள் பிடிச்சிருக்கா. வலயப் பணிமனையில ஸ்கூல் வாரியான பெறுபேற்றுப் பகுப்பாய்வு வச்சிருப்பினம், மரியாதையாப் போய்க் கேட்டாக் கதைப்பினம்.

ஏன் இந்தத் தமிழ் மீடியம் எண்டதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, பெரிய ஸ்கூல் எண்டு நீங்கள் கேள்விப்படுற பெயர் முழு ஸ்கூலுக்கும் உரியது, உங்கட பிள்ளை இருக்கப்போறது அதில ஒரு பகுதிக்குள்ள. றோயலிலயும் டி.எஸ். சேனாநாயக்கவிலயும் தமிழ் வகுப்புகள் இருக்கு, நல்ல வகுப்புகள்தான், ஆனா ஸ்கூலின்ர பெரும்பகுதி சிங்கள மீடியம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில விவேகானந்தா மாதிரியான இடங்களில சூழலே தமிழ்ச் சூழல். அதுக்குள்ளயும் ஸ்கூல் எந்த வகை எண்டு பாருங்கோ: 1ஏபி எண்டா ஏ.எல்லில விஞ்ஞானமும் இருக்கு, 1சி எண்டா கலை, வர்த்தகம் மட்டும், வகை 2 எண்டா பதினோராம் தரத்தோட முடிஞ்சுது. மகள் பயோ அல்லது மெட்ஸ் (கணிதப் பிரிவு) செய்யப்போறா எண்டா 1ஏபி இல்லாத ஸ்கூலில சேர்த்து ரெண்டு வருஷத்தில திருப்பியும் ஸ்கூல் தேடி ஓடவேண்டாம். கொழும்பில தமிழ் மீடியத்தில பயோ, மெட்ஸ் ரெண்டும் ஒழுங்கா ஓடுற இடங்கள் ஒப்பீட்டளவில குறைவு, மட்டக்களப்பில இருந்து பாக்கிற ஆக்களுக்கு இது நம்பக் கஷ்டமா இருக்கும், தலைநகரத்தில எல்லாம் கொட்டிக் கிடக்கும் எண்டு நினைப்பினம்.

சமய விசயமும் அட்மிஷனில வருது, இதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருங்கோ. 1960, 61 இல சமய அமைப்புகளிட்ட இருந்து அரசாங்கம் பொறுப்பெடுத்த ஸ்கூல்களில, பொறுப்பெடுத்த நேரம் எந்தச் சமயப் பிள்ளையள் என்ன விகிதத்தில இருந்தினமோ அந்த விகிதத்தைத்தான் முதலாம் தர அனுமதியில இண்டைக்கும் பாக்கிறது. அப்ப பொறுப்பெடுக்காமல் தனியா நிண்டது சென்ற் ஜோசப்ஸ், சென்ற் பீற்றர்ஸ், கொட்டாஞ்சேனை சென்ற் பெனடிக்ற்ஸ் மாதிரியான கத்தோலிக்க ஸ்கூல்கள். அங்க அனுமதியை அவையளே தீர்மானிப்பினம், கட்டணமும் உண்டு. இன்ரநேஷனல் ஸ்கூல் எண்டது முழுக்க வேற உலகம், கம்பனிச் சட்டத்தில பதிஞ்சு நடத்துறது, கல்வி அமைச்சின்ர ஸ்கூல் இல்லை. அங்க லண்டன் ஏ.எல் எடுத்தா இஞ்சத்தை அரசாங்கக் கம்பஸுக்கு வழமையான வாசலால போகேலாது. வெளிநாடு அல்லது தனியார் கம்பஸ் எண்டு முதல்லயே முடிவெடுத்து, காசும் கையில இருக்கிற ஆக்களுக்கு அது சரி. இங்கிலீஷ் வருமெண்டு சேர்த்திட்டு பிறகு பேராதனைக்கு அனுப்புவம் எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் சொல்லுறன்.

மகனுக்கு வருவம். முதலாம் தர அனுமதி அவருக்கு முடிஞ்சுபோன விசயம். மூண்டாம் நாலாம் தரத்தில வெற்றிடம் இருந்தாத்தான் எடுப்பினம், இந்த இடத்திலதான் "கடிதம் எடுத்துத் தாறன்", "ஸ்கூலுக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக் குடுங்கோ" எண்டு ஆக்கள் வந்து நிப்பினம். அரசாங்க ஸ்கூலில அனுமதிக்குக் காசு வாங்கிறது லஞ்சம், லஞ்ச ஆணைக்குழு அதிபர்மாரைப் பிடிச்ச செய்தி இடைக்கிட வந்துகொண்டுதான் இருக்கு. அதோட, உங்களுக்கு அந்தச் செலவு தேவையுமில்லை. மகன் அஞ்சாம் தரம் ஸ்கொலர்ஷிப் எழுத இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அந்தச் சோதனை எந்தச் சின்ன ஸ்கூலில இருந்து எழுதினாலும் ஒண்டுதான், ஸ்கூல்களுக்கான கட் ஓஃப் தமிழ் மீடியத்துக்குத் தனியா வாறது. வீட்டுக்குக் கிட்ட இருக்கிற, நடந்து போகக்கூடிய ஆரம்பப் பாடசாலையில சேர்த்து, பின்னேரம் விளையாட விட்டு, தமிழ் வாசிப்பும் கணக்கும் ஒழுங்கா வர வச்சாக் காணும். கட் ஓஃபைத் தாண்டினா ஆறாம் தரத்தில பெரிய ஸ்கூல் அதுவாவே வரும். தாண்டாட்டி உலகம் முடியப்போறதில்லை. பத்து வயசுப் பிள்ளையை விடிய நாலரைக்கு எழுப்பி மொடல் பேப்பர் செய்விக்கிற தாய் தகப்பன்மாரைக் கண்டு கண்டு எனக்கு அலுத்துப்போச்சு, அதை மட்டும் செய்யாதேங்கோ.

ரியூசனைப் பற்றிச் சொல்லாமல் கொழும்புப் படிப்பைப் பற்றிக் கதைக்கேலாது. ஏ.எல்லில, முக்கியமா விஞ்ஞானப் பாடங்களில, பாதிக்கு மேல படிப்பு நடக்கிறது ஸ்கூலுக்கு வெளியில. ஸ்கூல் டீச்சரா இருந்த நானே இதைச் சொல்லுறன். வெள்ளவத்தையில வாடகை கூட இருக்கிறதுக்கு ஒரு காரணம் கடல் காத்து இல்லை, பின்னேரம் ஆறு மணிக்குப் பொம்பிளைப் பிள்ளை தனிய நடந்து வகுப்புக்குப் போய் வரலாம் எண்டதுதான். வத்தளையில இருந்தா வகுப்பு முடிஞ்சு வீடு போய்ச் சேர ராத்திரி எட்டரை ஆகும், ஆமர் வீதியையும் களனிப் பாலத்தையும் தாண்டோணும். அந்த நேரத்தையும் களைப்பையும் வாடகை வித்தியாசத்தோட சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. நடுவில தெஹிவளை, இரத்மலானை எண்டு இருக்கு, வாடகை கொஞ்சம் இறங்கும், கரையோர ரயில் இருக்கு, நான் அதைத்தான் கன பேருக்குச் சொல்லுறனான்.

கம்பஸுக்குப் போறதும் வேலைக்குப் போறதும் ஒண்டில்லை எண்டதையும் கொஞ்சம் பாக்கோணும். வருஷத்துக்கு ரெண்டரை மூண்டு லட்சம் பேர் ஏ.எல் எழுதினா, அரசாங்கக் கம்பஸுக்கு எடுபடுறது 40,000-க்குக் கொஞ்சம் மேல. எந்த ஸ்கூலில படிச்சாலும் கன பிள்ளையளுக்கு வேற வழிதான். கொழும்பில இருக்கிற உண்மையான அனுகூலம் ஸ்கூல் பெயர் இல்லை, இந்த வேற வழியள்தான் எண்டது என்ர அபிப்பிராயம். கொமர்ஸ் பிள்ளை ஏ.எல் படிக்கேக்கயே ஏ.ஏ.டி எண்ட கணக்கியல் படிப்பைத் தொடங்கி, பிறகு சீமாவோ சி.ஏவோ எண்டு மேல் கணக்கியல் தகைமைக்குப் போகலாம். கம்பியூட்டர் எண்டா காசு கட்டிப் படிக்கிற நிறுவனங்கள் இருக்கு: மாலபேயில ஸ்லிற், வெள்ளவத்தையில ஐ.ஐ.டி, கொழும்பு 7 இல என்.ஐ.பி.எம், ஹோமாகம பக்கம் என்.எஸ்.பி.எம். காசு லட்சக்கணக்கில போகும், ஆனா ஏ.எல் பாஸ் பண்ணின பிள்ளையளுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒண்டு 2017 இல இருந்து நடந்து வருது, அந்தந்த வருஷம் திறந்திருக்கா எண்டு பாத்து விண்ணப்பிக்கலாம். கையால வேலை செய்ய விருப்பமான பிள்ளைக்கு மொறட்டுவை ஜேர்மன் ரெக் தொழிற்பயிற்சி நிலையம், என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) பயிற்சியள் இருக்கு. எங்கட ஆக்கள் அதைக் குறைவாப் பாக்கினம், ஆனா நல்ல ஏசி மெக்கானிக் ஒருத்தரைப் பிடிக்க நான் ரெண்டு கிழமை காத்திருக்க வேண்டியிருக்கு.

வேலை இன்ரவியூவில ஸ்கூல் பெயர் எடுபடுமா? இது நிச்சயம் இல்லாத பகுதி, என்ர பழைய பிள்ளையள் வந்து சொன்னதை வச்சுத்தான் சொல்லுறன், ஆதாரமா எடுக்க வேண்டாம். வங்கி, காப்புறுதி, பழைய மேர்க்கன்டைல் கம்பனியளில முதல் வேலைக்குப் பழைய மாணவர் தொடர்பு உதவினதாச் சொல்லியிருக்கினம். பிக் மச்சில (ஸ்கூல்களின்ர வருஷாந்த கிரிக்கெட் போட்டி) சந்திச்ச அண்ணை ஒருத்தர் சி.வியை மேல குடுத்து விடுவார், அந்தளவுதான். ஐ.ரி கம்பனியளில ஸ்கூலைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லையாம், செய்து காட்டு எண்டுதான் கேப்பினமாம். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னது ஒண்டுதான், இங்கிலீஷும் சிங்களமும். தமிழ் மீடியத்தில நல்லாப் படிச்சு மொறட்டுவைக்கோ மெடிக்கல் பகல்ரிக்கோ போன பிள்ளை முதல் வருஷம் இங்கிலீஷ் லெக்சரில முழிக்கிறது வழமை, பிறகு சமாளிச்சிடுவினம். கம்பஸ் போகாமல் நேரா வேலைக்குப் போற பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது. மட்டக்களப்பில இருந்து வாற உங்கட பிள்ளையளுக்குச் சிங்களம் குறைவா இருக்கும், அது ஸ்கூலில வாறதைவிட விளையாட்டுத் திடலிலதான் கெதியா வரும். ஆறாம் தரத்தில இருந்து சில பாடங்களை இங்கிலீஷில படிக்கிற இருமொழி வகுப்பு எந்த ஸ்கூலில உண்மையா நடக்குது எண்டும் விசாரியுங்கோ, பெயர்ப்பலகையில மட்டும் இருக்கிற இடங்களும் உண்டு.

இன்னொண்டு, இதையும் நிறுவிக் காட்டேலாது, ஆனா நான் நம்புறன். கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு நடுவில இருந்தா ஒரு பிள்ளை மேல வரும் எண்டு சொல்லுவினம், அது சரியா வாற பிள்ளையள் இருக்கினம். அதே வகுப்பில இருபத்தெட்டாவதா வந்து வந்து, தனக்கு ஒண்டும் தெரியாது எண்டு ஒடுங்கிப்போன பிள்ளையளையும் கண்டிருக்கிறன், அவை வேற ஸ்கூலில முதல் அஞ்சுக்குள்ள நிண்டிருப்பினம். ஒன்பதாம் பத்தாம் தரத்தில ஊரை விட்டு, சிநேகிதியளை விட்டு வாற பொம்பிளைப் பிள்ளைக்கு இது இன்னும் கூட. பேச்சு வழக்கை வச்சே பகிடி பண்ணுவினம், "மட்டக்களப்பா, பாயோட ஒட்ட வைக்கிற ஊரா" எண்டு பழைய குப்பைப் பகிடியெல்லாம் இண்டைக்கும் இருக்கு. முதல் ஆறு மாசம் மார்க்ஸ் இறங்கினா ஸ்கூல் பிழை எண்டு ஓடிப்போய் மாத்தாதேங்கோ.

அப்ப என்ன செய்யலாம்? மகள் வகுப்பில முன்னுக்கு நிக்கிற பிள்ளை, மெடிசின் அல்லது இஞ்சினியரிங் எண்டு தானாவே உறுதியா இருக்கிறா, மட்டக்களப்பில நல்ல ஸ்கூலில இருக்கிறா, பாக்க அம்மம்மாவோ சித்தியோ இருக்கினம், இந்த நாலும் பொருந்தினா அவவை அங்கயே ஏ.எல் மட்டும் விடுறதை நீங்கள் பேசிப் பாக்கலாம், அவவையும் இருத்தி வச்சுப் பேசோணும். நாலில ஒண்டு இல்லாட்டியும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கோட்டாவுக்காகக் குடும்பத்தைப் பிரிச்சு, அங்க ஒரு அறையில போர்டிங்கில விட்டு, பிள்ளை படிப்பும் இல்லாமல் தாயும் இல்லாமல் நிண்டதை நான் பாத்திருக்கிறன். கொமர்ஸோ ஆர்ட்ஸோ எண்டா, கொழும்பில வேற வழியள் கூட எண்டதால, வாறதுதான் நல்லது எண்டு எனக்குப் படுது. வந்தா, தமிழ் மீடியம் 1ஏபி, கெமிஸ்ட்ரிக்கும் பௌதிகத்துக்கும் ஆள் இருக்கிற ஸ்கூல், வீட்டில இருந்து முக்கால் மணித்தியாலத்துக்குள்ள, இந்த ஒழுங்கில தேடுங்கோ, பெயரைக் கடைசியில பாருங்கோ. டொனேசனுக்கு எடுத்து வச்ச காசை வங்கியில போடுங்கோ, நாலு வருஷத்தில அது ஒரு டிப்ளோமாவின்ர முதல் தவணைக்கு வேணும்.

மட்டக்களப்பு ஸ்கூலில விடுகைப் பத்திரம் எடுக்கிறதை மட்டும் இஞ்ச ஒரு ஸ்கூல் எழுத்தில ஓம் எண்டு தந்த பிறகு செய்யுங்கோ. அங்க பேரை வெட்டிப்போட்டு இஞ்ச வெற்றிடம் இல்லையெண்டு ஒரு தவணை முழுக்க வீட்டில இருந்த பிள்ளையளும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை முறையாப் பதிஞ்சு எடுங்கோ, கிராம சேவகரிட்டப் பதிவையும் மாத்துங்கோ. மகள் பயோவா மெட்ஸா, இல்லாட்டி ரெண்டும் இல்லையா, கடைசித் தவணையில கணக்கும் விஞ்ஞானமும் எவ்வளவு எண்டு எழுதினீங்கள் எண்டா மிச்சத்தை அதுக்கேத்த மாதிரிச் சொல்லுறன்.